எரித்து, எடைபோட்டு, வாய்ப்பாடு காண்பது: எரித்தல் பகுப்பாய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கையில் ஒரு வெள்ளைப் பொடி. அதில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன, ஆக்சிஜனும் இருக்கலாம் என்பது வரைக்கும் தெரியும். எத்தனை கார்பனுக்கு எத்தனை ஹைட்ரஜன், எத்தனை ஆக்சிஜன் என்பது தெரியாது. இதைக் கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் கையாண்ட வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. பொடியை மிச்சமில்லாமல் எரித்துவிட்டு, வெளியே வந்த வாயுக்களைப் பிடித்து எடைபோட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் இது நாலு வரிக் கணக்கு. அந்த நாலு வரிக்குள் எத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள் என்பது விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும். விழுகிற இடங்கள் வேறுவேறாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இந்த முறையில் ஆக்சிஜனை யாரும் அளப்பதில்லை என்பது மறந்துபோகிறது. கார்பனையும் ஹைட்ரஜனையும் அளக்கிறோம். கழித்தது போக மிஞ்சுவதை ஆக்சிஜன் என்கிறோம். மற்ற இரண்டு அளவீட்டிலும் எந்தப் பிசகு நேர்ந்தாலும் அது கடைசியில் ஆக்சிஜன் தலையில்தான் வந்து விடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எழுத்துக் குறியீடு பற்றி ஒரு வார்த்தை. கார்பனை சி, ஹைட்ரஜனை ஹெச், ஆக்சிஜனை ஓ, நைட்ரஜனை என் என்று வாயால் சொல்கிறபடியே இங்கே எழுதுகிறேன். நீர் என்றால் ஹெச்₂ஓ.

எளிய விகித வாய்ப்பாடு என்பது ஒரு சேர்மத்தில் உள்ள அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதம். குளுக்கோஸின் மூலக்கூறு வாய்ப்பாடு சி₆ஹெச்₁₂ஓ₆. எளிய விகித வாய்ப்பாடு சிஹெச்₂ஓ. எரித்தல் பகுப்பாய்வு தருவது இரண்டாவதை மட்டும். முதலாவதற்கு மோலார் நிறை, அதாவது ஒரு மோல் பொருளின் கிராம் எடை, தனியாகத் தெரிய வேண்டும். மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுவதற்கான அளவு.

குழாய்க்குள் நடப்பது

கணக்கில் இறங்குமுன் கருவியை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் கருவியில் ஓர் இடம் இருக்கிறது.

துல்லியமாக எடைபோட்ட மாதிரி ஒரு சிறிய பீங்கான் அல்லது பிளாட்டினம் படகில் இருக்கும். படகு நீளமான எரிகுழாய்க்குள் போகும். உலர்ந்த, கார்பன் டை ஆக்சைடு நீக்கிய ஆக்சிஜன் ஒரு முனையிலிருந்து சீராக ஓடிவரும். சூடேற்றினால் மாதிரி எரியும்; கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் எல்லாம் நீராவியாகவும் மாறும். மாற வேண்டும் என்பதுதான் சரியான வார்த்தை. கொஞ்சம் கார்பன், மோனாக்சைடு நிலையிலேயே தப்பி ஓடப் பார்க்கும். அதை மடக்கத்தான் வழியில் பழுக்கக் காய்ந்த காப்பர் ஆக்சைடு நிரப்பியிருக்கும். அது தன் ஆக்சிஜனைக் கொடுத்து மோனாக்சைடையும் டை ஆக்சைடாக்கிவிடும்.

அடுத்து இரண்டு உறிஞ்சு குழாய்கள். முதலாவதில் நீரற்ற கால்சியம் குளோரைடோ மெக்னீசியம் பெர்குளோரேட்டோ இருக்கும். அது நீராவியை மட்டும் பிடிக்கும். இரண்டாவதில் காரம், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு. அது கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும். எரிப்பதற்கு முன்பும் பின்பும் இரண்டையும் எடைபோட்டால், கூடிய எடைதான் நீரின் நிறையும் கார்பன் டை ஆக்சைடின் நிறையும்.

இந்த வரிசையை மாற்றவே கூடாது. காரம் நீரையும் உறிஞ்சும். அதை முன்னால் வைத்தால் இரண்டு வாயுவும் அதிலேயே தங்கிவிடும். பின்னால் இருக்கிற குழாயின் எடை கொஞ்சமும் ஏறாது. ஹைட்ரஜனே இல்லாத ஒரு விசித்திரச் சேர்மம் நோட்டுப்புத்தகத்தில் பிறக்கும். தேர்வில் "வரிசைக்குக் காரணம் என்ன" என்று கேட்டால் எழுத வேண்டியது இவ்வளவுதான்.

வரலாறு சுருக்கமாக: 1780களிலேயே லவாய்சியர் ஆல்கஹாலையும் எண்ணெயையும் எரித்துப் பார்த்தார். 1814 வாக்கில் பெர்சிலியஸ் நீரைக் கால்சியம் குளோரைடில் பிடித்து நேரடியாக எடைபோட்டார். காப்பர் ஆக்சைடைக் கொண்டுவந்தவர் கே-லுசாக், 1815இல். ஆனால் இதை எவரும் செய்யக்கூடிய அன்றாட வேலையாக்கியவர் ஜெர்மனியின் கீசன் நகரில் இருந்த லீபிக். 1831இல் அவர் வெளியிட்ட ஐந்து குமிழ் கண்ணாடிக் கருவி முக்கோண வடிவில் வளைந்திருக்கும். உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். வாயு ஒவ்வொரு குமிழாகக் கொப்பளித்துக் கடக்கும்போது கார்பன் டை ஆக்சைடு கரைந்து நின்றுவிடும். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் இன்றும் அந்தக் குமிழ்க் கருவியைப் பார்க்கலாம்.

லீபிக் காலத்தில் ஒரு சோதனைக்குச் சில நூறு மில்லிகிராம் பொருள் வேண்டியிருந்தது. அதைச் சில மில்லிகிராமுக்குக் குறைத்த ஆஸ்திரியர் ஃபிரிட்ஸ் பிரெகலுக்கு 1923இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருந்த முறையைச் சுருக்கியதற்கு நோபலா என்று நினைக்கலாம். பித்த நீரிலிருந்து மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு சிட்டிகைப் பொருளைப் பிரித்தெடுத்தவர் அதை முழுசாக எரித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை யோசித்தால், பரிசு நியாயமாகவே படும்.

கணக்கு: ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே கொண்ட ஒரு சேர்மம் 250.0 மில்லிகிராம். எரித்ததில் கிடைத்தவை:

கார்பன் டை ஆக்சைடு 374.6 மில்லிகிராம்
நீர் 102.5 மில்லிகிராம்

எடைகள் மில்லிகிராமில் இருப்பதால் மோல்களையும் மில்லிமோலில் வைத்துக்கொள்வோம். பூஜ்யங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முதல் படி, கார்பன். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறில் ஒரு கார்பன். ஆகவே மோல் கணக்கு நேரடி: எடையை மோலார் நிறையால் (கார்பன் டை ஆக்சைடுக்கு 44.009, கார்பனுக்கு 12.011) வகுத்தால் மோல், மோலை அதனால் பெருக்கினால் எடை.

374.6 ÷ 44.009 = 8.512 மில்லிமோல் கார்பன்
8.512 × 12.011 = 102.2 மில்லிகிராம் கார்பன்

இரண்டாம் படி, ஹைட்ரஜன். ஒரு நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன். இந்த இரண்டால் பெருக்க மறப்பதுதான் இந்தப் பாடத்தின் பழம்பெரும் தவறு.

102.5 ÷ 18.015 = 5.690 மில்லிமோல் நீர்
5.690 × 2 = 11.38 மில்லிமோல் ஹைட்ரஜன்
11.38 × 1.008 = 11.47 மில்லிகிராம் ஹைட்ரஜன்

பெருக்க மறந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஹைட்ரஜன் பாதியாகும், அதன் எடையும் பாதியாகும், கழித்தலில் ஆக்சிஜன் ஏறும். ஒரு தவறு, இரண்டு தனிமங்களைக் கெடுக்கும்.

மூன்றாம் படி, ஆக்சிஜன். இங்கே ஒரு நிமிடம் நிற்போம். "கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் ஆக்சிஜன் இருக்கிறதே, அதைக் கூட்டினால் என்ன?" என்று கேட்காத வகுப்பே இல்லை. கூட்டித்தான் பார்ப்போமே. டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் 374.6 − 102.2 = 272.4 மில்லிகிராம். நீரில் உள்ளது 102.5 − 11.5 = 91.0 மில்லிகிராம். மொத்தம் 363.4. நாம் எரித்த பொருளே 250 மில்லிகிராம்தான்! பொருளைவிட அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் கனமாக இருக்க முடியுமா? மிகுதி எல்லாம் குழாயில் ஓடிவந்த ஆக்சிஜன். எந்த ஆக்சிஜன் பொருளிலிருந்து வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று வாயுவைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. அதனால்தான் கழித்தல்:

250.0 − 102.2 − 11.47 = 136.3 மில்லிகிராம் ஆக்சிஜன்
136.3 ÷ 15.999 = 8.519 மில்லிமோல் ஆக்சிஜன்

கழிப்பது எடைகளைத்தான், மோல்களை அல்ல. மோலுக்குப் பாதுகாப்பு விதி கிடையாது, நிறைக்கு உண்டு. கார்பனையும் ஹைட்ரஜனையும் மோலிலிருந்து எடைக்குத் திருப்பியதெல்லாம் இந்த ஒரு கழித்தலுக்காகத்தான்.

நான்காம் படி, விகிதம். மூன்று மோல் எண்களில் சிறியது 8.512. எல்லாவற்றையும் அதனால் வகுக்க வேண்டும்.

கார்பன் 1.000
ஹைட்ரஜன் 1.337
ஆக்சிஜன் 1.001

1.337 முழு எண் இல்லை. 1 என்று எழுதிவிட்டுப் போகவும் முடியாது. மூன்றில் ஒரு பங்கின் சாயல் தெரிகிறது. மூன்றால் பெருக்குவோம்: 3.00, 4.01, 3.00. வாய்ப்பாடு சி₃ஹெச்₄ஓ₃.

ஐந்தாம் படி, திரும்பிப் பார்த்தல். பலரும் நான்காம் படியோடு பேனாவை மூடிவிடுவார்கள். வாய்ப்பாட்டிலிருந்து சதவீதத்தைக் கணக்கிட்டுச் சோதனை எண்ணோடு ஒப்பிட்டால்தான் வேலை முடிந்தது. சி₃ஹெச்₄ஓ₃ என்றால் கார்பன் 40.92 சதவீதம், ஹைட்ரஜன் 4.58. நமக்குக் கிடைத்தது 40.89, 4.59. நன்றாகவே ஒத்துப்போகிறது.

மோலார் நிறை 176 என்று வேறு வழியில் தெரிந்தால், சி₃ஹெச்₄ஓ₃-இன் நிறையான 88.06ஆல் வகுக்க 2 கிடைக்கும். மூலக்கூறு வாய்ப்பாடு சி₆ஹெச்₈ஓ₆. நாம் எரித்தது அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி.

மனக்கணக்காகச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. கார்பன் டை ஆக்சைடின் எடையில் 11இல் 3 பங்கு கார்பன். நீரின் எடையில் 9இல் ஒரு பங்கு ஹைட்ரஜன். 374.6க்கு 102.2 என்றும் 102.5க்கு 11.4 என்றும் காகிதம் இல்லாமலே வந்துவிடும். கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தால் இது காட்டிக்கொடுக்கும்.

எப்போது பெருக்குவது, எப்போது முழுமையாக்குவது

தசமத்தைப் பார்த்ததும் பெருக்க வேண்டிய எண் மனதில் வர வேண்டும். .5 என்றால் 2. .33 அல்லது .67 என்றால் 3. .25 அல்லது .75 என்றால் 4. .2, .4, .6, .8 என்றால் 5. இதற்கு மேல் போக நேர்ந்தால் நான் கணக்கை விட்டுவிட்டு மாதிரியைச் சந்தேகிப்பேன்.

1.02 வந்தால் 1 என்று எழுதலாம். 1.98 வந்தால் 2. ஆனால் 1.1? இங்கேதான் நிதானம் வேண்டும். 10ஆல் பெருக்கி 11 என்று எழுதுவதும் தப்பு, கண்ணை மூடிக்கொண்டு 1 என்று எழுதுவதும் தப்பு. இரண்டு வாய்ப்பாட்டுக்கும் சதவீதம் போட்டு எது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். இன்னொன்று: மூன்றால் பெருக்கினால் பிழையும் மூன்று மடங்காகும். 1.34க்கும் 1.33க்கும் இடையே உள்ள 0.01, பெருக்கிய பின் 0.03 ஆகிவிடும். அதனால் இடைப்பட்ட படிகளில் நான்கு இலக்கமாவது வைத்திருங்கள். கடைசி வரிக்கு முன் எந்த எண்ணையும் முழுமையாக்காதீர்கள்.

ஆக்சிஜன் இல்லாத சேர்மம்

கேள்வியில் "கார்பன், ஹைட்ரஜன் மட்டுமே கொண்ட" என்று எழுதியிருந்தால் கழித்தல் தேவையில்லை என்று பலர் தாவிவிடுவார்கள். கழித்துப் பாருங்கள் என்பேன். 100.0 மில்லிகிராம் நாஃப்தலீன் 343.4 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடையும் 56.2 மில்லிகிராம் நீரையும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்பன் 93.72 மில்லிகிராம், ஹைட்ரஜன் 6.29 மில்லிகிராம். கூட்டினால் 100.01. ஆக்சிஜன் "மைனஸ் 0.01". எதிர்மறை எடை என்று பதற வேண்டாம். தராசின் தடுமாற்றம் அது. ஆக்சிஜன் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

மோல்கள்: கார்பன் 7.803, ஹைட்ரஜன் 6.239. வகுத்தால் 1.25க்கு 1. நான்கால் பெருக்கினால் சி₅ஹெச்₄. மோலார் நிறை 128, ஆகவே சி₁₀ஹெச்₈.

ஈரமான மாதிரி: ஒரு துப்பறியும் வேலை

புத்தகக் கணக்குகளில் மாதிரி எப்போதும் சுத்தமாக இருக்கும். ஆய்வகத்தில் அப்படி அமைவது அபூர்வம். முன்பு பார்த்த அதே அஸ்கார்பிக் அமிலத்தைச் சரியாக உலர்த்தாமல் எடுத்துவிட்டோம், 250.0 மில்லிகிராமில் 5 மில்லிகிராம் வெறும் ஈரம் என்று வையுங்கள். இரண்டே சதவீதம். கண்ணுக்குப் பொடி உலர்ந்ததாகவே தெரியும்.

இப்போது கிடைப்பது: கார்பன் டை ஆக்சைடு 367.3, நீர் 105.2 மில்லிகிராம். அதே படிகளில் நடந்தால் கார்பன் 8.346, ஹைட்ரஜன் 11.68, ஆக்சிஜன் 8.62 மில்லிமோல். விகிதம் 1 : 1.40 : 1.03.

1.40 என்றதும் கை தானாக ஐந்தால் பெருக்கும். 5 : 7 : 5.17. சி₅ஹெச்₇ஓ₅ என்று எழுதிவிடலாம், எழுதுகிறவர்கள் உண்டு. ஐந்தாம் படியைச் செய்தால் மாட்டிக்கொள்வோம். சி₅ஹெச்₇ஓ₅-க்குக் கார்பன் 40.82 சதவீதம் இருக்க வேண்டும். நமக்கு வந்தது 40.10. வேறுபாடு 0.72. ஆய்விதழ்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் எல்லை 0.4 சதவீதப் புள்ளி. சரியான வாய்ப்பாடான சி₃ஹெச்₄ஓ₃ கூட 0.82 தள்ளி நிற்கிறது. இரண்டுமே பொருந்தவில்லை என்றால் குற்றம் வாய்ப்பாட்டின் மேல் இல்லை. படகில் வைத்த பொருள்மேல்.

இன்னொரு தடயமும் இருக்கிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் உள்ள, எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி சேர்ந்த சாதாரண மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். கார்பனின் இணைதிறன் 4, ஆக்சிஜனுக்கு 2. ஒற்றைப்படை ஹைட்ரஜன் வைத்தால் ஒரு பிணைப்பு அந்தரத்தில் தொங்கும். சி₅ஹெச்₇ஓ₅ எளிய விகிதமாக இருக்கலாம்; மூலக்கூறாக வேண்டுமானால் குறைந்தது இரட்டிப்பாக வேண்டும். மோலார் நிறை 294. நம்முடையது 176. கதை ஒட்டவில்லை.

ஈரம்தான் என்று எப்படி உறுதி செய்வது? கார்பன் சதவீதம் 40.92 இருக்க வேண்டிய இடத்தில் 40.10, அதாவது பொருள் 98 சதவீதம்தான். மீதி 2 சதவீதம் நீர் என்று வைத்தால் ஹைட்ரஜன் எவ்வளவு வர வேண்டும்? அமிலத்திலிருந்து 4.58 × 0.98 = 4.49. நீரில் ஹைட்ரஜன் 11.19 சதவீதம், அதன் பங்கு 0.22. மொத்தம் 4.71. சோதனையில் வந்ததும் 4.71. கையும் களவுமாகப் பிடிபட்டது.

இப்படிப் பிழைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகச்சாயல் உண்டு. கார்பன் குறைந்து ஹைட்ரஜன் ஏறினால் மாதிரியில் ஈரம் இருக்க வாய்ப்பு. கார்பன் மட்டும் குறைந்து ஹைட்ரஜன் சரியாக இருந்தால் எரிதல் முழுமையாகவில்லை. மோனாக்சைடு தப்பியிருக்கும், இல்லையேல் படகில் கரி மிஞ்சியிருக்கும். கார்பன் சரியாக, ஹைட்ரஜன் மட்டும் ஏறினால் உள்ளே வந்த ஆக்சிஜன் உலரவில்லை, அல்லது எடைபோடும்முன் உறிஞ்சு குழாய் திறந்துகிடந்தது. மூன்றிலும் ஆக்சிஜன் எண் கெடும். ஆனால் ஆக்சிஜனைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க வேண்டியது அளந்த இரண்டையும்தான்.

ஆய்வுக் கட்டுரைகளில் வாய்ப்பாட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து "0.2 ஹெச்₂ஓ" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஈர மாதிரியும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்: ஒரு மூலக்கூறு அமிலத்துக்கு 0.2 மூலக்கூறு நீர். நியாயமான காரணம் இருக்கும் இடங்கள் உண்டு. எண் பொருந்த வேண்டும் என்பதற்காகவே நீரைத் தெளிக்கிற இடங்களும் உண்டு. வேறு சான்று இல்லாமல் அந்தப் பின்னத்தை நான் நம்புவதில்லை.

நைட்ரஜன் சேர்ந்தால்

நைட்ரஜன் உள்ள சேர்மத்தை எரித்தால் நைட்ரஜனின் ஆக்சைடுகளும் கொஞ்சம் உண்டாகும். அவற்றில் சில, காரக் குழாயில் சிக்கி, கார்பன் டை ஆக்சைடாக வேடம் போடும். எனவே அந்த ஆக்சைடுகளைச் சூடான காப்பர் உலோகத்தின் மேல் செலுத்தி வெறும் நைட்ரஜன் வாயுவாக ஒடுக்கிவிட வேண்டும். டூமா என்ற வேதியியலாளரின் முறையில் அந்த வாயுவைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு மேல் சேகரித்துக் கன அளவை அளப்பார்கள். குளோரின் போன்ற ஹாலஜன் இருந்தால் வெள்ளியைக் கொண்டு மடக்குவார்கள்.

கணக்கில் கவனிக்க வேண்டியது வேறு. கார்பன், ஹைட்ரஜனுக்கு ஒரு மாதிரி. நைட்ரஜனுக்குப் பெரும்பாலும் இன்னொரு மாதிரி. எடை வேறு என்பதால் மோல்களை அப்படியே பக்கத்தில் வைத்து வகுக்கக்கூடாது. எல்லாவற்றையும் முதலில் சதவீதமாக்கிவிட வேண்டும்.

காஃபீனைப் பார்ப்போம். 150.0 மில்லிகிராம் எரித்ததில் கார்பன் டை ஆக்சைடு 271.8, நீர் 69.8 மில்லிகிராம். கார்பன் 74.18 மில்லிகிராம், அதாவது 49.45 சதவீதம். ஹைட்ரஜன் 7.81 மில்லிகிராம், 5.21 சதவீதம். தனியாக 100.0 மில்லிகிராம் எடுத்து டூமா முறையில் அளந்ததில் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்குத் திருத்திய உலர்ந்த நைட்ரஜன் 23.1 மில்லிலிட்டர். இந்த நிலையில் ஒரு மில்லிமோல் வாயுவின் கன அளவு 22.414 மில்லிலிட்டர்.

23.1 ÷ 22.414 = 1.031 மில்லிமோல் நைட்ரஜன் வாயு
1.031 × 28.014 = 28.87 மில்லிகிராம், அதாவது 28.87 சதவீதம்

ஆக்சிஜன்: 100 − 49.45 − 5.21 − 28.87 = 16.47 சதவீதம். இப்போது மூன்று அளவீடுகளின் பிழையும் ஆக்சிஜன் மேல் ஏறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

100 கிராமில் மோல்கள்: கார்பன் 4.117, ஹைட்ரஜன் 5.169, நைட்ரஜன் 2.061, ஆக்சிஜன் 1.029. கடைசி எண்ணால் வகுத்தால் 4.00, 5.02, 2.00, 1. வாய்ப்பாடு சி₄ஹெச்₅என்₂ஓ. மோலார் நிறை 194, ஆகவே சி₈ஹெச்₁₀என்₄ஓ₂.

இன்றைய தானியங்கிக் கருவிகளில் இந்தத் தனித்தனி வேலை இல்லை. இரண்டு மூன்று மில்லிகிராமை ஒரு சிறு வெள்ளீயப் பொட்டலத்தில் மடித்து உலைக்குள் போட்டால், வெள்ளீயமும் சேர்ந்து எரிந்து சூட்டைக் கூட்டும். வரும் வாயுக்களைப் பிரித்து, அவற்றின் வெப்பக் கடத்துத்திறனைக் கொண்டு அளந்து, மூன்று சதவீதங்களையும் திரையில் காட்டிவிடும். அசெட்டனிலைடு போன்ற தெரிந்த பொருளை எரித்துக் கருவியை முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். ஆக்சிஜன் இங்கேயும் கழித்தல்தான். நேரடியாக வேண்டுமானால் ஆக்சிஜன் இல்லாத சூழலில் வெப்பத்தால் சிதைத்து அளக்கும் தனி ஏற்பாடு தேவை.

இந்த முறை எங்கே கைவிரிக்கும்

ஃபார்மால்டிஹைடு, அசெட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம், குளுக்கோஸ்: நான்கையும் எரித்தால் ஒரே சதவீதம், ஒரே சிஹெச்₂ஓ. பிரிப்பது மோலார் நிறை ஒன்றுதான். அதை நிறை நிறமாலைமானி தரும். பழைய நாட்களில் ஆவி அடர்த்தியையோ உறைநிலைத் தாழ்வையோ அளந்து பெற்றார்கள். இங்கே மிகத் துல்லியம் தேவையில்லை. 170 என்று வந்தாலும் 88ஆல் வகுத்தால் 1.93, 2 என்று எழுதத் தயங்க வேண்டாம்.

மோலார் நிறையும் உதவாத இடம் ஒன்று வரலாற்றில் வந்தது. 1820களில் லீபிக் வெடிக்கும் தன்மையுள்ள சில்வர் ஃபல்மினேட்டைப் பகுத்தார். இன்னொரு வேதியியலாளரான வோலர் சாதுவான சில்வர் சயனேட்டைப் பகுத்தார். இருவருக்கும் ஒரே சதவீதங்கள். வோலர் பிசகிவிட்டார் என்றே லீபிக் முதலில் நினைத்தார். திரும்பச் செய்து பார்த்து இருவரும் சரி என்று ஒப்புக்கொண்டார். அணுக்கள் அதே எண்ணிக்கையில் இருந்தும் அடுக்கு மாறலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. 1830இல் பெர்சிலியஸ் இதற்கு ஐசோமெரிசம் என்று பெயர் வைத்தார். நாம் மாற்றியம் என்கிறோம்.

பெரிய மூலக்கூறுகளில் வேறொரு சிக்கல். கொலஸ்ட்ரால் சி₂₇ஹெச்₄₆ஓ, கார்பன் 83.87, ஹைட்ரஜன் 11.99 சதவீதம். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடுதலாக உள்ள சி₂₈ஹெச்₄₈ஓ-க்கு 83.93, 12.08. வேறுபாடு நூறில் சில பங்கு. ஏற்கப்படும் பிழை எல்லையோ 0.4. எவ்வளவு கவனமாக எரித்தாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஆக்சிஜன் வெறும் 4 சதவீதம் என்பதால் அதனால் வகுக்கும்போது சிறு பிழைகூட 27ஐ 25 ஆக்கும், 30 ஆக்கும். இத்தகைய பொருளுக்கு மோலார் நிறையை முதலில் வாங்கிக்கொண்டு, எரித்த எண்களைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

கைப்பழக்கத்துக்கு ஒன்று தருகிறேன். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் கொண்ட ஒரு சேர்மம் 100.0 மில்லிகிராம், கார்பன் டை ஆக்சைடு 281.6, நீர் 115.3 மில்லிகிராம், மோலார் நிறை 156. ஆக்சிஜன் 10.2 மில்லிகிராம் அளவில் வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். விடை சி₁₀ஹெச்₂₀ஓ, மென்தால்.